நான்கு மூலைகளில் ஒன்று மட்டும்: 21 மி.மீ. லென்ஸ் குறித்த புகார்

அனுப்புநர்
ஒளிப்படக் கலைஞர், காரைக்குடி
(பெயரும் முகவரியும் விற்பனை ரசீதில் உள்ளபடி)

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை

நாள்: 12.03.2025

பொருள்: 21 மி.மீ. எஃப்/4 ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸின் வலது கீழ் மூலையில் உள்ள பழுது. இரண்டு முறை சேவைக்கு அனுப்பியும் சரிசெய்யப்படாமை.

ஐயா / அம்மையீர்,

உங்கள் சேவை மையத்திலிருந்து இரண்டாம் முறையாகத் திரும்பி வந்த லென்ஸ் என் மேசைமேல் இருக்கிறது. கூடவே வந்த சீட்டில் ஒரே ஒரு வரி: "சோதிக்கப்பட்டது, நிர்ணயித்த அளவுக்குள் உள்ளது." லென்ஸின் ஒளித்துளையை எந்த அளவுக்குத் திறந்து சோதித்தீர்கள், எவ்வளவு தூரத்தில், எந்த மூலையைப் பார்த்தீர்கள், அந்த நிர்ணயித்த அளவு என்பது எவ்வளவு என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. முதல் முறை வந்த சீட்டிலும் இதே வரிதான். சோதித்த படங்களை அனுப்புங்கள் என்று மூன்று முறை எழுதினேன். பதில் வரவில்லை. ஆகவே நான் எப்படிச் சோதித்தேன் என்பதை இந்தக் கடிதத்தில் முழுமையாக எழுதுகிறேன். படித்துவிட்டு, என் சோதனையில் எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

லென்ஸை 2024 ஆகஸ்டில் உங்கள் விற்பனையகத்தில் வாங்கினேன். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் படமெடுத்து ஆவணமாக்குவது என் வேலைகளில் ஒன்று. முகப்பும், வளவு என்னும் உள்முற்றப் பகுதியும் விரிந்து கிடந்தாலும் அவற்றை ஒட்டிய அறைகள் குறுகலானவை. பின்னால் நகர இடம் இருக்காது, முதுகு சுவரில் இடிக்கும். அங்கே 21 மி.மீ. இல்லாமல் வேலை நடக்காது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது சத்தமில்லாமல் வேலை செய்யவும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராதான் (லென்ஸ் வழியே பார்க்காமல், தனிச் சாளரத்தில் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கிக் குவியம் வைக்கும் கேமரா) ஏற்றது. பழையதாக வாங்கிய லைக்கா எம் 240 என்னிடம் இருக்கிறது. அதற்கேற்ற லென்ஸ் என்று உங்கள் விற்பனையாளர் சொல்லித்தான் வாங்கினேன்.

செப்டம்பரில் ஒரு வீட்டை எடுத்தேன். பங்காளிகள் கூடிப் பேசி, பிரிக்க முடிவு செய்துவிட்ட வீடு அது. தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் விலை பேசி முடித்திருந்தார்கள். கடைசியாக ஒரு முறை முழு வீட்டையும் எடுத்துத் தரச் சொன்னார்கள். இரண்டு நாள் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. நவம்பரில் பெரிய அச்சாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அந்த வீட்டு ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு படத்தின் வலது கீழ் ஓரத்தில் விரலை வைத்துக் கேட்டார்: "இந்த ஓரம் மட்டும் ஏன் தம்பி கலங்கியிருக்கிறது?" அவர் விரல் வைத்த இடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. இடது ஓரத்துக் கல்லில் பூவின் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக நிற்கிறது. வலது ஓரத்துக் கல்லில் அதே பூ ஈரத்துணியால் துடைத்துவிட்ட கோலம்போல இழுபட்டுக் கிடக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் திரும்பப் பார்த்தேன். அத்தனையிலும் அதே மூலை. அதற்குள் வீட்டைப் பிரித்துவிட்டார்கள். அந்த வளவை இனி யாரும் படமெடுக்க முடியாது.

அன்றிரவே சோதிக்கத் தொடங்கினேன். ஒரு மூலை மங்கலாக இருப்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே லென்ஸைக் குற்றம் சொல்கிறேன்.

செட்டிநாட்டுச் சுவர் சோதனைக்கு உதவாது. சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடிபோல வழவழப்பானது, லென்ஸ் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது. அதனால் ஒரே நாள் தமிழ்ச் செய்தித்தாளில் ஐந்து பிரதிகள் வாங்கினேன். ஐந்திலும் ஒரே பக்கத்தைப் பிரித்தெடுத்து, என் ஸ்டுடியோவின் பின்சுவரில் நான்கு மூலைக்கும் நடுவுக்குமாக ஒட்டினேன். கேமராவுக்கும் சுவருக்கும் இரண்டு மீட்டர். அந்தத் தூரத்தில் 21 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 3.4 மீட்டர் அகலமும் 2.3 மீட்டர் உயரமும் பிடிக்கும் என்பதால் அந்த அளவுக்குத்தான் தாள்களைப் பரப்பினேன். மதியத்துக்கு மேல் சுவர் முழுக்க நிழல் விழுந்த பிறகே எடுத்தேன். வெயிலும் நிழலும் கலந்தால் மூலைகளை ஒப்பிட முடியாது.

கேமரா சுவருக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே ஒரு பக்கம் மங்கலாகத் தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்விதான். நடுத்தாளின்மேல் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தினேன். கேமராவின் நேரடித் திரையில், லென்ஸின் பிம்பம் படத்தின் நட்ட நடுவில் விழும்வரை முக்காலியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். லென்ஸ் தன்னைத்தானே நடுவில் பார்த்தால் சுவருக்குச் செங்குத்தாக நிற்கிறது என்று பொருள். குவியத்தையும் ரேஞ்ச்ஃபைண்டரை நம்பி வைக்கவில்லை. அதன் இணைப்பு கொஞ்சம் விலகியிருந்தால் பழி லென்ஸ்மேல் விழும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தே நடுத்தாளுக்குக் குவியம் வைத்தேன். குறைந்த ஐஎஸ்ஓ, கேமரா திருத்தாத ரா கோப்பு, தாமத ஷட்டர், லென்ஸ் திருத்தங்கள் அனைத்தும் அணைக்கப்பட்டவை. இந்த வகை லென்ஸில் மின் இணைப்பு கிடையாது என்பதால், வைத்த துளையை லென்ஸ் கேமராவுக்குச் சொல்லாது. ஒவ்வொரு துளையின் எண்ணையும் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியே எடுத்தேன். இணைத்துள்ள படங்களில் அந்தச் சீட்டைக் காணலாம்.

அன்றைய தாளில் கண்மாய்களுக்குத் தண்ணீர் வந்தது பற்றி ஒரு செய்தி. தலைப்பின் எழுத்து என் பெருவிரல் நகத்தின் உயரம் இருக்கும். துளை முழுதாகத் திறந்த எஃப்/4-இல் எடுத்த படத்தை முழு அளவில் திறந்து பாருங்கள். நடுவில் "தண்ணீர்" கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறது. இடது மேல், இடது கீழ், வலது மேல் ஆகிய மூன்று மூலைகளிலும் சற்று மென்மை. ஆனால் ண் மேலுள்ள புள்ளியை எண்ணலாம். வலது கீழ் மூலையில் புள்ளியே இல்லை. மூன்று சுழி எங்கே, இரண்டு சுழி எங்கே என்று தெரியவில்லை. ண, ன ஆகிவிட்டது. எஃப்/5.6-இல் அதே நிலை. எஃப்/8-இல் புள்ளி நிழல்போல எட்டிப் பார்க்கிறது. துளையை நன்றாகச் சுருக்கிய எஃப்/11-இல்தான் எழுத்தைப் படிக்க முடிகிறது. அப்போதும் மற்ற மூன்று மூலைகள் எஃப்/5.6-இல் காட்டிய தெளிவை இது எட்டவில்லை. இருட்டிய வளவுக்குள் எஃப்/11-இல் ஆச்சியைப் படமெடுக்க முடியாது.

பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி முக்காலியில் பொருத்தி, மறுபடியும் கண்ணாடி வைத்து நேர் பார்த்து எடுத்தேன். மங்கல் சுவரின் வலது கீழ்ப் பகுதியை விட்டு இடது மேல் பகுதிக்குப் போய்விட்டது. ஆகவே சுவரிலோ தாளிலோ வெளிச்சத்திலோ குறை இல்லை. கேமராவின் லென்ஸ் பிடிப்பு சாய்ந்திருக்கலாமே என்று நண்பரின் கேமராவில் உங்கள் லென்ஸை மாட்டினேன். அதே மூலை மங்கியது. நண்பரின் பழைய 21 மி.மீ. லென்ஸை என் கேமராவில் மாட்டினேன். நான்கு மூலையும் ஒன்றுபோல வந்தன. இதற்கு மேல் என் கேமராவின்மேல் பழி போட இடமில்லை.

கிட்டத்தில் மட்டும் அப்படியோ என்ற ஐயத்தையும் விடவில்லை. மொட்டை மாடியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு செல்பேசிக் கோபுரம் தெரியும். குவியத்தை முடிவிலியில் வைத்து, அந்தக் கோபுரத்தையே ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுவந்து நான்கு படம் எடுத்தேன். மூன்றில் இரும்புச் சட்டங்களின் குறுக்குப் பின்னலை எண்ணலாம். நான்காவதில் கோபுரம் சாம்பல் நிறக் கோடாக நிற்கிறது.

உங்கள் தொலைபேசி ஊழியர் என்னிடம் சொன்னது: "அகலக் கோண லென்ஸ் என்றால் மூலை அப்படித்தான் இருக்கும், சார்." அந்த இளைஞர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சொல்லிக் கொடுத்ததை அவர் சொல்கிறார். ஆனால் அந்தப் பதிலை நிறுவனத்தின் பதிலாக ஏற்க முடியாது.

அகலக் கோண லென்ஸின் மூலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குள் மேலெழும் கண்ணாடி கிடையாது; லென்ஸின் பின்முனையைப் படச்சுருளுக்கு மிக அருகில் கொண்டுபோகலாம். அந்த வசதியால்தான் 1950-களில் லுட்விக் பெர்ட்டெலே ஸைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த பயோகான் போன்ற சமச்சீர் லென்ஸ்கள் நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டின. தூண் வளையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே நானும் இந்த வகையைத் தேடிப் போனேன். அதற்கு ஒரு விலை உண்டு. 36×24 மி.மீ. சட்டகத்தில் 21 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 90 டிகிரிக்கு மேல் பார்க்கிறது. மூலைக்குச் செல்லும் கதிர் 45 டிகிரிக்கும் கூடுதலாகச் சாய்கிறது. கதிர் சாயச் சாய ஒளி வேகமாகக் குறையும் என்னும் கொசைனின் நான்காம் அடுக்கு விதிப்படி, நடுவில் விழும் ஒளியில் கால் பங்குதான் மூலைக்கு வரும். ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் இருட்டு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). டிஜிட்டல் சென்சாரின்மேல் உள்ள கண்ணாடி, அவ்வளவு சாய்ந்து வரும் கதிரைக் கொஞ்சம் கலைக்கவும் செய்யும். ஓரங்களில் நிறச் சாயை ஏறும். இவற்றில் ஒன்றைப் பற்றியும் நான் புகார் செய்யவில்லை. இருட்டையும் நிறத்தையும் கணினியில் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் இவை எல்லாமே நடுவிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்தவை. நான்கு மூலையும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றன. வடிவமைப்பின் குறை என்றால் நான்கும் ஒரே அளவில் மங்க வேண்டும். ஒன்று மட்டும் மங்கினால் அது வடிவமைப்பின் குறை அல்ல, எனக்கு விற்ற இந்த ஒரு லென்ஸின் பழுது.

என்ன பழுது என்றும் ஓரளவு சொல்ல முடியும். எஃப்/4-இலேயே வைத்து, குவிய வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி ஒன்பது படம் எடுத்தேன். வலது கீழ் மூலை ஓரிடத்தில் நன்றாகத் தெளிகிறது. அதே படத்தில் இடது மேல் மூலை மங்கிவிடுகிறது. படம் தெளிவாக விழும் குவியத் தளம் கிண்ணம்போல வளைந்திருந்தால் நான்கு மூலையும் சேர்ந்து தெளிந்து சேர்ந்து மங்கும். இங்கே ஒன்று ஏறினால் எதிர்மூலை இறங்குகிறது. குவியத் தளமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி வில்லை தன் இருக்கையில் நேராக உட்காரவில்லை என்பதே என் கணிப்பு. திறந்து பார்க்க வேண்டியவர்கள் நீங்கள். ஒரு முறை திறந்தீர்கள் என்றே நினைக்கிறேன். இரண்டாம் முறை வந்தபோது பின்பக்கத் திருகு ஒன்றின் தலை சிதைந்திருந்தது. நான் அனுப்பும் முன் எடுத்த படத்தில் அந்தத் திருகு பழுதின்றி இருக்கிறது. "நிர்ணயித்த அளவுக்குள்" இருந்த லென்ஸில் திருப்புளிக்கு என்ன வேலை?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த லென்ஸை மாற்றி, நான்கு மூலையும் சமமாக உள்ள இன்னொன்றைத் தாருங்கள். தருவதற்கு முன் அதன் சோதனைப் படங்களையும் தாருங்கள். முடியாது என்றால் முழுத் தொகையையும் இரண்டு முறை அனுப்பிய கூரியர் செலவையும் திருப்பிக் கொடுங்கள். மூன்றாம் முறை "சரிபார்க்கிறோம், அனுப்புங்கள்" என்ற பதிலை ஏற்க மாட்டேன். லென்ஸ் வாங்கி இரண்டு ஆண்டு ஆகவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் முறையிட எனக்கு உரிமை உண்டு. 15 நாளில் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் அதைச் செய்வேன். செய்ய விருப்பமில்லை. எனக்கு வேண்டியது வழக்கு அல்ல, வேலைக்கு ஆகும் ஒரு லென்ஸ். அடுத்த மாதம் இன்னொரு வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள். அதற்குள் வந்து எடுத்துக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இம்மாதம் 24-ஆம் தேதி வேறு வேலையாகச் சென்னை வருகிறேன். லென்ஸ், கேமரா, முக்காலி, அந்த ஐந்து செய்தித்தாள் பக்கங்கள், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன். உங்கள் பொறியாளர் ஒருவரும் நான்கு மீட்டர் சுவரும் ஒரு மணி நேரமும் போதும். என் முன்னால் சோதியுங்கள். வலது கீழ் மூலையில் ண் மேலுள்ள புள்ளியை அவர் காட்டிவிட்டால், லென்ஸை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறேன். அன்று எத்தனை மணிக்கு வரலாம் என்பதைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விற்பனை ரசீது நகல், சேவை மையச் சீட்டுகள் இரண்டு, சோதனைப் படங்களும் ரா கோப்புகளும் அடங்கிய பென் டிரைவ், திருகின் முன்பின் படங்கள், ஆச்சி விரல் வைத்த அச்சின் பிரதி.