எந்தப் பாஸ்?

ஆசிரியருக்கு,

தொழிற்பயிற்சி நெறிகள் பற்றிய தங்கள் ஞாயிறு செய்தியில் மரவேலை செய்பவரை ‘பாஸ்’ என்றே எழுதியிருந்தீர்கள். அது தலைவன், எசமான் எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல். எந்தத் தொழிலையும் சுட்டாது. கொழும்பில் மேசனும் பாஸ்தான். மழைக்கு ஊதி இறுகிய கதவைச் சீவவென்று நான் தொலைபேசியில் ‘பாஸ்’ கேட்க, சாந்தகப்பையோடு ஒருவர் வந்து நின்றார். (தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்.)

நமக்கென்ன சொற்பஞ்சமா? புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஔவையார், நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் ‘தச்சன்’ ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தைத் தம் தலைவனுக்கு உவமையாக்குகிறார். படகு கட்டுவோரையும் குறிக்கும் ‘ஓடாவி’ இன்னும் நம்மவர் வாயில் இருக்கிறது. பயிற்சி விளம்பரங்களிலாவது ‘தச்சர்’ என்று அச்சிட்டு, பக்கத்தில் வேண்டுமானால் ‘மரவேலை பாஸ்’ என்று போடுங்கள்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06