ஜவ்வு ஆபரேஷன் என்றால் எந்த ஜவ்வு?

மூட்டு அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் வலது முழங்காலில், சில்லுக்குக் கீழே இருபுறமும் பொட்டு அளவில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. பல வருடங்களுக்கு முன் ஆர்த்ரோஸ்கோபி, அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் சிகிச்சை, செய்த அடையாளம். இப்போது அந்த மூட்டின் உள்பக்கம் தேய்ந்துவிட்டது. தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றும் பகுதி மூட்டு மாற்று பற்றிக் கேட்கப் போயிருந்தேன். "முன்னாடி முட்டியில ஏதாவது செஞ்சிருக்கா?" என்றார்கள். "ஜவ்வு ஆபரேஷன்" என்றேன். அதையே எழுதிக்கொண்டு சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று அடுத்த கேள்விகளுக்குப் போய்விட்டார்கள்.

எந்த ஜவ்வு என்று யாரும் கேட்கவில்லை. எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு, நடுவில் பிறை வடிவில் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ், எலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் நார், இவை மூன்றையுமே நாங்கள் ஜவ்வு என்றுதான் சொல்கிறோம். முழு மூட்டையும் மாற்றும்போதாவது இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் கொஞ்சம் பொறுக்கும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடும்போது பொறுக்காது. விட்டுவைக்கும் பகுதி எவ்வளவு நலமாக இருக்கிறதோ, அவ்வளவு நாள்தானே அந்த மூட்டு உழைக்கும்?

முன்பு வெட்டியது உள்பக்க மெனிஸ்கஸ் என்றால், தேய்ந்த அந்தப் பக்கம்தான் மாற்றப்படப்போகிறது. வெளிப்பக்க மெனிஸ்கஸ் என்றால் கதையே வேறு. மெத்தை இழந்த பக்கத்தை நம்பித்தான் புது மூட்டு நிற்க வேண்டும். மெனிஸ்கஸை எடுத்த முழங்காலில் எலும்பு மாறுவதை ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948-லேயே எக்ஸ்ரேயில் காட்டிவிட்டார். சரி, சீரமைத்தது மூட்டுக்குள் குறுக்காக ஓடும் முன்சிலுவை நார் என்றால்? அது இன்றும் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் சோதித்தாக வேண்டும். தளர்ந்திருந்தால் கால் எலும்பு முன்னால் வழுக்கும், பொருத்திய பாகமும் ஆட்டம் காணும்.

எனக்கு அதிகம் கவலை தருவது, முன்பே கால் எலும்பை வெட்டி நேராக்கிக்கொண்ட நோயாளிகளைப் பற்றித்தான். அந்தச் சிகிச்சை பாரத்தை வெளிப்பக்கம் தள்ளுவதற்காகச் செய்தது. அதன்மேல் உள்பக்கம் புது மூட்டு வைத்தால் பாரம் இன்னும் வெளியே சாயலாம். அதனால்தான் உங்களில் பலர் அங்கே பகுதி மாற்றைத் தவிர்க்கிறீர்கள். அப்படியானவரும் உங்கள் முன் உட்கார்ந்து "காலில் ஒரு ஆபரேஷன்" என்றுதான் சொல்வார். பழைய நீளத் தழும்பு புது வெட்டுக்கு மிக அருகில் இருந்தால், இடையில் இருக்கும் தோலுக்கு ரத்தம் குறையும் என்பதும் அவருக்குத் தெரியாது.

ஆகவே, எங்கள் ஒரு வார்த்தைப் பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் தாளைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் எந்தப் பக்கம், என்ன செய்தார்கள், உள்ளே திருகு இருக்கிறதா என்று தோண்டிக் கேளுங்கள். இன்று முதன்முறையாக முழங்காலைத் திறப்பவர்களும், எந்த மெனிஸ்கஸில் எவ்வளவு எடுத்தீர்கள் என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

என் தாளை அலமாரியின் அடியில் கண்டெடுத்தேன். மை மங்கிப்போய், "மெனிஸ்கஸ் சரிசெய்யப்பட்டது" என்று ஒரே வரி. உள்பக்கமா வெளிப்பக்கமா என்று அதில் இல்லை.