பிடித்த குரங்கை எந்த ஊரில் விடப் போகிறோம்?

பெங்களூருக்குத் தெற்கே, ஜிகணிக்கு அப்பால் நாம் குடியிருக்கும் லேஅவுட்டின் நலச்சங்கச் செயற்குழுவினருக்கும், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் வணக்கம்.

குரங்கு பிடிக்க ஆள் வைக்கவும், பாம்பு வராமலிருக்கக் காலி சைட்டுகளில் கார்பாலிக் ஆசிட் தெளிக்கவும் வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் தர வேண்டும் என்று வாசல் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பிடித்த குரங்குகளை எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று மட்டும் அதில் ஒரு வரி இல்லை. சங்கத் தலைவர் அண்ணாவிடம் நேரில் கேட்டேன். "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, காட்டுப் பக்கம் விட்டுடுவாங்க" என்றார். என் ஆட்சேபமெல்லாம் அந்தப் பதில் மேல்தான்.

தொல்லையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மாடியில் வடாம் காயவைப்பதை நாம் எப்போதோ கைவிட்டாகிவிட்டது. தொட்டி மூடியைத் தூக்கி எறிகின்றன, சோலார் ஹீட்டர் குழாயில் தொங்கி உடைக்கின்றன, முருங்கைப் பிஞ்சு ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. பின்வீட்டுப் பாட்டி கையில் கம்பு இல்லாமல் துணி எடுக்க மாடி ஏறுவதில்லை. கோபம் நியாயமானது.

ஆனால் எந்தக் காட்டில் விடுவது? நமக்கு மேற்கே இருப்பது பன்னேர்கட்டா தேசியப் பூங்கா. 1974இல் அறிவித்தார்கள், ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும். வரைபடத்தில் பார்த்தால் வடக்கு தெற்காக நீண்டு, இடையிடையே ஒடுங்கிப்போன நிலம். அதன் ஓரமெல்லாம் ராகியும் அவரையும் போடுகிற ஊர்கள். மனிதர் சோற்றைத் தின்று பழகிய குரங்கை நடுக்காட்டில் விட்டாலும், அது அடுத்து தேடிப் போவது ஒரு கூரையைத்தான்.

அந்தக் கூரை யாருடையது? நம் வீடுகளில் வேலை முடித்துவிட்டு பஸ் ஏறுகிற அக்காமார் பலர் அந்த ஊர்களிலிருந்துதான் வருகிறார்கள். ராகி முற்றும் காலத்தில் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து ராத்திரி முழுக்கக் காவல் கிடக்கிற குடும்பங்கள் அவை. நம்மில் சிலருக்கு எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டின் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொந்தம் உண்டு. பன்னேர்கட்டா யானைகள் ஜவளகிரிப் பக்கம் இறங்கினால் அங்கே என்ன பாடு என்று போன் போட்டுக் கேளுங்கள். அந்தக் கஷ்டத்தோடு நம் பங்குக்கு ஒரு வண்டிக் குரங்கையும் சேர்த்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இடம் மாற்றி விட்டால் என்ன நடக்கும் என்பதை மகாராஷ்டிரம் ஒரு தடவை பார்த்துவிட்டது. புணே மாவட்டத்து ஜுன்னாரில் கரும்புத் தோட்டங்களுக்குள்ளேயே சிறுத்தைகள் வாழ்கின்றன. 2001 முதல் அவற்றைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காடுகளில் விட ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய வருடங்களில் அந்த வட்டாரத்தில் சிறுத்தை மனிதரைத் தாக்கியது ஆண்டுக்குச் சராசரியாக 4 முறை. பிடித்துப் பிடித்து விட்ட அந்த 2001–2003 காலத்தில் அது 17 ஆனது. வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கு இருக்கிறது. சிறுத்தை வேறு, குரங்கு வேறு என்பீர்கள். சரி, குரங்குக்கே வருவோம். டெல்லியில் 2007இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் நகரத்துக் குரங்குகளை அசோலா-பாட்டி (Asola Bhatti) வனவிலங்குச் சரணாலயத்துக்கு ஆயிரக்கணக்கில் மாற்றினார்கள். அங்கே அரசே அவற்றுக்குத் தீனி போட வேண்டியதாயிற்று. நகரத்தில் குரங்கு குறைந்ததா? 2023 ஜி20 மாநாட்டுக்கு அவற்றைப் பயமுறுத்த லங்கூர் என்கிற கருமுகக் குரங்கின் கட்அவுட் வைத்தார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒருவர், "சட்டம் மாறிவிட்டது, இப்போது பிடிக்கலாம்" என்று போட்டிருந்தார். பாதிதான் உண்மை. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலிலிருந்து நீக்கியது வட இந்தியாவின் ரீசஸ் குரங்கை. நம் மாடிக்கு வருவது நீண்ட வாலும், உச்சந்தலையில் வகிடெடுத்ததுபோல் விரிந்த முடியும் உள்ள நாட்டுக்குரங்கு. தீபகற்ப இந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு இன்னும் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் கூண்டு வைத்தால் குற்றம். ரசீதுகூடத் தராத ஆளுக்குச் சங்கக் கணக்கிலிருந்து பணம் கொடுத்து, நாளை வழக்கு என்று வந்தால், பொருளாளர் என்ன சொல்வார்?

இன்னொன்று. இந்தக் கூட்டத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போனாலும் இடம் காலியாக இருக்காது. தீனி இங்கேயே இருந்தால் பக்கத்துக் கூட்டம் வரும். தீனி எங்கே என்று நமக்கே தெரியும். குப்பை ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு வருகிறது; நாம் விடியற்காலையிலேயே பையைக் கேட்டில் மாட்டிவிட்டு ஆபீஸ் கிளம்பிவிடுகிறோம். நடுவில் உள்ள அந்த நேரம் முழுக்கக் குரங்குக்கு விருந்துதான். பஞ்சாயத்தில் பேசி ஆட்டோவை ஏழு மணிக்கு வரவைப்பது சங்கத்தால் முடிகிற காரியம். முடியாவிட்டால், தாழ்ப்பாள் போட்ட இரும்புத் தொட்டி ஒன்று கேட்டருகே வைத்தால் போதும்.

அப்புறம் சனிக்கிழமை வாழைப்பழம். ஆஞ்சநேயர் பெயரைச் சொல்லிக் கொடுப்பவர்களிடம் நான் வம்புக்கு வரவில்லை, என் மாமியாரும் அந்தக் கட்சிதான். பழத்தைக் கோயிலில் கொடுத்துவிடலாம், அவருக்கும் அங்கேதான் சந்நிதி. கையிலிருந்து வாங்கித் தின்று பழகிய குரங்குதான் பிள்ளைகளின் பையைப் பிடுங்குகிறது, தராவிட்டால் கடிக்கிறது. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போக வேண்டும். குரங்குதானே என்று மஞ்சள் வைத்துவிட்டு உட்காரக் கூடாது.

பாம்பு விஷயத்துக்கு வருகிறேன். கார்பாலிக் ஆசிட் வாசனைக்குப் பாம்பு ஓடிவிடும் என்று நம்பி ஊற்றப்போவது, மாலையில் நம் பிள்ளைகள் செருப்பில்லாமல் விளையாடுகிற மண்ணில். அது தோலை வெந்துபோக வைக்கிற திரவம், தோல் வழியாக உடம்புக்குள்ளும் போகும். பாம்போ எலியைத் தேடி வருகிறது. எலி வருவது குப்பைக்கும், நாய்க்கு வைத்து ராத்திரி முழுக்க வெளியே கிடக்கும் சோற்றுக்கும். காலி சைட்டில் செங்கல்லையும் உடைந்த டைல்ஸையும் கொட்டி வைத்திருக்கிறோமே, அதுதான் இரண்டுக்கும் வீடு. சைட் சொந்தக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி முதலில் அதை அள்ளச் சொல்லுங்கள். சமையலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு வலை, பின்கதவின் அடி இடுக்குக்கு ரப்பர் பட்டை, இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சாரைப்பாம்பைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். எலி பிடிக்க இதைவிடக் கெட்டிக்கார ஆள் கிடையாது, விஷமும் கிடையாது.

விஷப்பாம்பில் எனக்குப் பயம் அதிகம் கட்டுவிரியன் மேல். ராத்திரியில் வீட்டுக்குள் வரும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பல சமயம் கடித்த வலிகூடத் தெரியாது. நாம் கட்டிலில் தூங்குகிறோம். நம் லேஅவுட்டில் தரையில் தூங்குவது யார்? வாட்ச்மேன் குடும்பமும், கட்டிட வேலைக்கு வந்து தகர ஷெட்டில் தங்கியிருக்கிறவர்களும். அவர்களுக்கு ஆளுக்கொரு கட்டிலும், மெத்தைக்கடியில் செருகிக்கொள்கிற கொசுவலையும் வாங்கிக் கொடுப்பது எந்த ஆசிட்டை விடவும் பயன்படும். யாரைக் கடித்தாலும் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் அது எப்போதும் இருப்பில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து அதே வாசல் பலகையில் எழுதி வையுங்கள். பாம்பு பிடிப்பவரை அழைக்க நேர்ந்தால், வனத்துறைக்குத் தெரிந்தவரை அழையுங்கள். பிடித்ததைக் கழுத்தில் போட்டு வீடியோ எடுப்பவர் வேண்டாம்.

வரும் ஞாயிறு கூட்டத்தில் இது ஓட்டுக்கு வரும் என்று கேள்விப்பட்டேன். கூண்டு வைப்பதுதான் முடிவென்றால், வனத்துறை அனுமதிக் கடிதத்தையும், குரங்குகளை விடப்போகும் ஊரின் பெயரையும், அந்த ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதத்தையும் தீர்மானப் புத்தகத்தில் பதிந்துவிட்டு ஓட்டுக்கு விடுங்கள். அது இல்லாத தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்குவேன். குப்பைத் தொட்டிக்கும் கட்டில் கொசுவலைக்கும் என்றால் என் இரண்டாயிரத்தை அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். விலை விசாரித்து வருகிற வேலையையும் என்னிடமே விடலாம்.

இப்படிக்கு,
கடைசிக் குறுக்குத் தெருவில் குடியிருக்கும் உங்கள் உறுப்பினர்