க்யூ எழுத்து வந்தால் முகத்தைத் தூக்க வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரின் நலமறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, பாப்பா ஸ்க்ராபிள், அதுதான் எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டம், ஆடும்போது க்யூ என்ற எழுத்து வந்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், உடனே போனை எடுத்து, கையில் இருக்கும் எழுத்துகளைத் தட்டிச் சொல் தேடுகிறாள் என்று. இதையெல்லாம் போனில் பேசி முடியாது. அவளுக்கும் படித்துக் காட்டுவாய் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

க்யூவை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பின்னாலேயே யூ வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். யூ கையில் இல்லையென்றால் குழந்தை திகைத்துப் போகாமல் என்ன செய்யும்? அரபு, சீனம் மாதிரி மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில் அந்த விதி செல்லாது. அரபியில் அடித்தொண்டையிலிருந்து வரும் ஒரு ககரம் உண்டு. அதை ஆங்கில எழுத்தில் காட்ட க்யூ போடுவார்கள். திருவல்லிக்கேணிப் பெரிய மசூதிப் பக்கம் வளர்ந்தவள் நீ; நிகாபும் ஃபக்கீரும் உனக்குப் புதிதா? இரண்டையும் யூ இல்லாமலே எழுதலாம். ஏமனில் மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் இலைக்குக் காத் என்று பெயர், மூன்றே எழுத்து. மலையடியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஈரான் நாட்டு நிலத்தடி வாய்க்கால் கனாத். எல்லாவற்றையும்விட அடிக்கடி கைகொடுப்பது, சீனர்கள் உயிர்ச்சக்தி என்று சொல்லும் ‘சீ’. க்யூவும் ஐயும், அவ்வளவுதான். இந்த ஐந்தும் மனதில் இருந்தால் க்யூ அவளுக்குச் சுமையாக இருக்காது, பத்துப் புள்ளி தரும் எழுத்தாகிவிடும்.

எனக்கு எழுத்துகளோடு இருக்கும் பழக்கம் அச்சகத்தில் வந்தது என்பது உனக்குத் தெரியும். பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக நின்ற வருஷங்களில், அச்செழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் ஆங்கிலக் கேஸைக் கண்ணால் பார்க்கவே மாட்டேன், கை தானாகப் போகும். அதில் எல்லா அறையும் ஒரே அளவில்லை. இ எழுத்துக்குத்தான் இருப்பதிலேயே பெரிய அறை, அதுவும் நடுவில், கைக்கு எட்டும் இடத்தில். ஜே, க்யூ, எக்ஸ், இசட் எல்லாம் ஓரத்தில், சின்னக் குழியில் கிடக்கும். நாள் முழுக்க எழுத்துக் கோத்து, அச்சானதும் மறுபடி பிரித்துப் போடுகிறவனுக்கு எது எவ்வளவு தேவைப்படும் என்று விரலே சொல்லும்.

ஸ்க்ராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதாரச் சரிவில் வேலையிழந்தவர். பத்திரிகைப் பக்கங்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டார். மொத்தம் 100 கட்டை. அதில் இ மட்டும் 12, க்யூவும் இசட்டும் ஒவ்வொன்று. இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், எங்கள் கேஸின் கணக்கேதான் அது! எஸ் மட்டும் நான்கோடு நிறுத்திவிட்டார். எதன் வாலிலும் எஸ் ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம் இல்லையா, ஆட்டம் சப்பென்று போய்விடும். எஸ் வந்தால் சில்லறைச் சொல்லுக்குச் செலவழிக்காதே என்று பாப்பாவிடம் சொல்.

அப்புறம், கையில் இருக்கும் ஏழு எழுத்தையும் வரிசையாக வைத்து முறைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தோன்றாது. வால்களைத் தனியே ஒதுக்கச் சொல். இ-ஆர் இருக்கிறதா, ஐ-என்-ஜி இருக்கிறதா என்று பார்த்து வலது ஓரம் தள்ளிவிட்டால் மிச்சம் நான்கைந்து எழுத்துதான் கண்ணில் நிற்கும். பெரிய ஆட்டக்காரர்கள் இன்னொன்று செய்வார்கள்: எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அந்த அடுக்கையே மனப்பாடம் செய்வார்கள். ஒரே அடுக்கிலிருந்து பல சொல் பிறக்கும்; ரெட்டினா என்ற ஆறெழுத்தோடு ஒரு ஜி வந்தால் கிரானைட் ஆகும், டியரிங் ஆகும், இன்கிரேட்டும் ஆகும். ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் கூடுதலாக 50 புள்ளி. அவளுக்கு ரெட்டினாவிலிருந்தே ஆரம்பித்துக் கொடு.

உயிரெழுத்தே வராமல் போனால் ஒய்யைத் தேட வேண்டும். லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை, ரிதம், கிரிப்ட் எல்லாம் ஒய்யை நம்பி நிற்பவை. நீ காலையில் ஆடும், ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேர்டிலுக்கும் இது உதவும்.

வி கொஞ்சம் முரடு. அதை வைத்து இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் இரண்டு வியும் சேர்ந்து வந்தால் நம் வெட்டிவேர் இருக்கிறது! ஆங்கில அகராதியில் வெட்டிவேருக்கு ஏழு எழுத்து. தாத்தா வீட்டுப் பானைத் தண்ணீரில் போட்டிருப்போமே, அந்த வேர்தான் என்று பாப்பாவுக்குச் சொல். கட்டைகளின் மதிப்பு மட்டும் 13, அதோடு அந்த 50.

சரி, தேடித் தரும் அந்த ஆப் விஷயம். அதை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆட்டத்துக்கு நடுவில் மட்டும் தொடக்கூடாது. போட்டிகளிலும் ஆடும்போது அகராதியைப் புரட்ட விடமாட்டார்கள், எதிராளி சொல்லை ஆட்சேபித்தால்தான் சரிபார்ப்பார்கள். ஆட்டம் முடிந்த பிறகு, திணறின எழுத்துகளைப் போட்டுப் பார்க்கட்டும். வருகிற நீளப் பட்டியலில் தனக்குப் பிடித்த ஒரே ஒரு சொல்லை, பொருளோடு, நோட்டில் எழுதட்டும். நீங்கள் இருக்கும் கனடாவில் செல்லும் சொற்பட்டியல் வேறு, இங்கே நாங்கள் பார்க்கும் காலின்ஸ் பட்டியல் வேறு. இசட்-ஓ இங்கே செல்லும், அங்கே செல்லாது. அதனால் தேடும்போது உங்கள் ஊர்ப் பட்டியலை வைத்துக்கொள்ளச் சொல்.

பொருள் தெரியாமலும் ஜெயிக்கலாம். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே அகராதியை மனப்பாடம் செய்து, 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தையே வாங்கினார். அந்த உழைப்பைக் கும்பிடுகிறேன். ஆனாலும் என் பேத்திக்குக் காத் என்றால் இலை என்றும், கனாத் என்றால் வாய்க்கால் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நோட்டு ஒன்று வாங்கி, ரெண்டெழுத்துச் சொற்களை எழுதி வைத்திருக்கிறேன். அம்மா அனுப்பும் மோர்மிளகாய்ப் பார்சலோடு வரும். அதற்குள் அவளுக்கு ஒரு வேலை: ரெட்டினாவோடு ஜிக்குப் பதில் எல் சேர்த்தால் என்னென்ன வரும்? குறைந்தது மூன்று சொல்லாவது கண்டுபிடிக்கட்டும். ஆப் வேண்டாம். கிடைத்ததும் எனக்குப் போன் பண்ணச் சொல், ராத்திரி எந்நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா