முறுக்கு டப்பா திரும்பி வந்தது

ஒசாகா, ஜப்பான்,
நவம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

நீ அனுப்பிய முறுக்கில் பாதியை டப்பாவோடு பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தேன் என்று போனில் சொன்னேனே, மீதிக் கதையைக் கேள். அன்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நன்றாகக் குனிந்து, "அரிகாத்தோ கொசாய்மாஸ்" என்றார். மறுநாள் காலை குப்பை வைக்கும் இடத்தில் பார்த்ததும், "நேற்று அரிகாத்தோ கொசாய்மாஷ்தா" என்றார். இது இறந்தகாலம், முடிந்துபோன உதவிக்கு இப்படிச் சொல்வார்கள். நான்கு நாள் கழித்து லிஃப்டில் மறுபடியும் அதே நன்றி. எனக்குக் கூச்சமாகிவிட்டது. இங்கே ஒரு தடவை சொன்னால் போதாதாம், அடுத்து பார்க்கும்போதும் நினைவாகச் சொல்லவேண்டுமாம். கூட வேலை செய்யும் அக்கா சொன்னார்.

'அரிகாத்தோ' வந்த பழைய சொல்லுக்கு, 'இருப்பதற்கு அரியது' என்று பொருள். நம் 'அரிது' போலவே ஒலிக்கிறது, அது தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நேற்று டப்பா வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே மூன்று காகிப் பழம். பார்க்கத் தக்காளி மாதிரி இருக்கும், தித்திப்பு சப்போட்டா மாதிரி. நீயும் யார் வீட்டுக் கிண்ணத்தையும் காலியாகத் திருப்பித் தரமாட்டாய், ஒரு பிடி சர்க்கரையாவது போடுவாய். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

இன்னொன்று. ஊதோன் என்னும் நூடுல்ஸ் விற்கும் கடையில் சாப்பிட்டு எழுந்தால், சமைத்தவர் காதில் விழும்படி "கொச்சிசோசாமா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். "ஓகினி" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒசாகாக்காரர்களின் நன்றி அது. 'கொச்சிசோசாமா'வில் வரும் 'சிசோ'வை எழுதும் எழுத்துகளுக்கு ஓடுவது என்று அர்த்தம். விருந்துக்குப் பொருள் தேடி ஓடி அலைந்தவருக்குச் சொல்கிற நன்றி. முதல் தடவை இதைக் கேட்டபோது, மாமா வீட்டார் சொல்லாமல் வந்து நின்ற சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. நீ பாலுக்கும் வாழையிலைக்கும் தெருவுக்கும் வீட்டுக்குமாக ஓடினாய். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விட்டோம்.

பாட்டி இன்று காலை, "முறுக்கு சுட்டது யார்?" என்று கேட்டார். ஊரில் என் அம்மா என்றேன். உடனே கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கில்லை, உனக்கென்று இன்னொரு தடவை குனிந்தார். "அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்" என்றார்.

கொச்சிசோசாமா, அம்மா.

உன் மகன்