பேலன்சிங் ரசீதில் கிராம் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகனி பக்கம் பட்டறை நடத்தும் தமிழர்களும் அங்கே பராமரிப்பு வேலை பார்ப்பவர்களும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். புளோயர் இம்பெல்லரோ (காற்றைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) மோட்டார் ரோட்டாரோ (சுழலும் பகுதி) பேலன்சிங், அதாவது சுழலும்போது அதிராதபடி எடையைச் சமன் செய்யும் வேலை, முடிந்து திரும்பும்போது, ரசீதில் 'பேலன்ஸ் செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் தயவுசெய்து ஏற்காதீர்கள். ரோட்டாரின் எடை, ஓடும் வேகம், எந்த கிரேடு (சமன் எவ்வளவு துல்லியம் என்ற தர எண்), இரு பக்கமும் மிச்சமிருக்கும் சமனின்மை எத்தனை கிராம்-மில்லிமீட்டர் (கூடுதல் எடை × மையத்திலிருந்து அதன் தூரம்) என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள்.

எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்ற கணக்கு எளிது. 9549-ஐ கிரேடு எண்ணாலும் கிலோ எடையாலும் பெருக்கி, நிமிடச் சுற்றால் வகுக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 21940-11 என்ற சர்வதேச பேலன்சிங் தரத்தில் விசிறிகளுக்கு கிரேடு ஜி 6.3. 40 கிலோ இம்பெல்லர் 1440 சுற்றில் ஓடினால் மிச்சம் சுமார் 1670 கிராம்-மி.மீ. வரை இருக்கலாம். எடை நடுவில் அமைந்திருந்தால் பக்கத்துக்குப் பாதி, 250 மி.மீ. ஆரத்தில் அது வெறும் 3.3 கிராம். அதே ஆரத்தில் 10 கிராம் தூசி ஒருபக்கமாக ஒட்டினால் கிட்டத்தட்ட 5.8 கிலோ விசை பேரிங்கைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். 2880 சுற்றில் அது நான்கு மடங்காகி 23 கிலோவைத் தொடும். பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் இந்த இழுப்பு போகாது.

கத்தி விளிம்புப் பட்டைகளில் உருட்டிப் பார்க்கும் பழைய முறை ஒல்லியான வட்டுகளுக்குப் போதும். அகலமான இம்பெல்லரில் இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயும் சம எடை கூடுதலாக இருந்தால், பட்டையில் அது அசையாமல் நிற்கும். ஓட்டினால் இரு பேரிங்கும் எதிரெதிராக ஆடும். அதற்கு இடம், வலம் என இரண்டு தளத்திலும் திருத்தியாக வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாதது கீ, அதாவது ஷாஃப்டையும் புல்லியையும் சேர்த்துப் பூட்டும் இரும்புத் துண்டு. ரோட்டாரையும் புல்லியையும் தனித்தனியாக பேலன்ஸ் செய்யும்போது இரண்டிலும் அரை கீ (கீயின் பாதி எடை) கணக்கு வைப்பதே தரம் சொல்லும் முறை. 38 மி.மீ. ஷாஃப்டில் 10×8×70 அளவு கீயின் பாதி 22 கிராம் வரும். முழு கீயைப் போட்டு ரோட்டாரையும், கீயே இல்லாமல் புல்லியையும் செய்தால் பரவாயில்லை, ஒன்றையொன்று ஈடுகட்டும். ஒருவர் முழு கீ, இன்னொருவர் அரை கீ என்று செய்தால் 400 கிராம்-மி.மீ.க்கு மேல் பிழை நிற்கும். 15 கிலோ ரோட்டாருக்கு 2880 சுற்றில் ஜி 2.5 அனுமதிப்பது 124தான். பட்டறையில் அருமையாக ஓடிய மோட்டார் புல்லி ஏறியதும் குலுங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எந்த கீ முறை என்பதையும் ரசீதில் கேளுங்கள்.

கழற்றி அனுப்பும் முன் பிளேடுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அடி போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது அதிர்வு சட்டென்று குறைந்தால் அந்தக் கால் பெட்டில் (அடிச்சட்டத்தில்) சரியாக உட்காரவில்லை. ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் தீரும். சுவிட்சை அணைத்த கணமே அதிர்வு நின்றால் கோளாறு மின்பக்கம். வேகம் இறங்க இறங்கத் தணிந்தால்தான் பேலன்ஸைச் சந்தேகிக்கலாம்.

கழற்றாமல் அங்கேயே செய்வதானால், சோதனை எடையின் (எங்கே எவ்வளவு திருத்துவது என்று அறியத் தற்காலிகமாகப் பொருத்துவது) விசை ரோட்டார் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். மேலே சொன்ன இம்பெல்லருக்கு 250 மி.மீ. ஆரத்தில் 7 கிராம். அளவெடுத்ததும் அதைக் கழற்ற மறக்காதீர்கள், திருத்த எடையோடு சேர்ந்தால் கணக்கு குலையும். திருத்த எடையை வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்பை இம்பெல்லரிலேயே பிடியுங்கள். சட்டத்தில் பிடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளிலும் வளையத்திலும் குழி விழும். வேலை முடிந்து ஒரு வாரத்திலேயே பேரிங் கத்தத் தொடங்கினால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பராமரிப்புத் தொழிலாளி ஒருவர்,
பீன்யா, பெங்களூரு.