கடையில் இல்லாத சோடாவுக்கு எதற்கு விளம்பரம்? ஐபிஎல் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஐபிஎல் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். உங்கள் போட்டிகள் நடக்கும் மாதங்களில் ஏழரை மணிக்கு மேல் ஒரு பையனையும் உட்காரவைக்க முடியாது. அதில் எனக்கு வருத்தமில்லை, நானும் மேட்ச் பார்க்கிறவன்தான். என் புகார் ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில் வருகிற சோடாவைப் பற்றியது.

எங்கள் பெட்டிக்கடைகளில் பன்னீர் சோடா கிடைக்கும், கோலி சோடாவும் கிடைக்கும். டிவியில் நண்பர்கள் கூட்டம், பாட்டு, உயரமான கண்ணாடி டம்ளர் என்று காட்டுகிறார்களே, அந்தச் சோடாவை மட்டும் கொருக்குப்பேட்டை வரை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. அதே பெயரில் வேறொன்று டாஸ்மாக்கில் கிடைக்கிறது.

ஏழாவது படிக்கிற ஒருவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த லோகோவை அச்சு அசலாக வரைந்து வைத்திருந்தான். "என்னடா இது?" என்றேன். "சோடா சார்." பக்கத்தில் இருந்தவன் சிரித்துவிட்டான். "சார், அது சரக்கு சார். டிவியில சோடான்னுதான் போடுவாங்க." பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குப் புரிவது, விளம்பரத்துக்குக் காசு வாங்குகிறவர்களுக்குப் புரியாதா?

'டாஸ்மாக்கை மூடச் சொல்லாமல் கிரிக்கெட்காரர்களுக்கு ஏன் எழுதுகிறாய்?' என்று எங்கள் ஏரியாக்காரர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2003 முதல் இங்கே சில்லறை மது விற்பனை அரசின் கையில். 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்பது விதி. அந்த விதி என்ன பாடுபடுகிறது என்பதை அரசிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் டாஸ்மாக் கடை குடியை அழகாகக் காட்டுவதில்லை. கம்பிக்குள் கையை விட்டு வாங்கிக்கொண்டு நகர வேண்டியதுதான். குடியின் அசல் முகத்தை எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டிலேயே பார்க்கிறார்கள். சம்பள நாள் ராத்திரியில் அப்பாவைத் தாங்கிப் பிடித்து ஹவுசிங் போர்டு மாடிப்படி ஏற்றுகிற பையன், "நான் இதைத் தொடவே மாட்டேன் சார்" என்பான். மனசாரத்தான் சொல்வான். அந்த வெறுப்புதான் அவனுக்கு இருக்கிற வேலி. விளம்பரம் அங்கேதான் கை வைக்கிறது. அப்பா குடிப்பது வேறு, டிவியில் இவர்கள் கொண்டாடுவது வேறு என்று அவனுக்குக் கற்றுக் கொடுக்கிறது.

இது என் கற்பனை இல்லை. 38,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பல காலம் தொடர்ந்து கவனித்த 13 ஆய்வுகளை 2009-ல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மது விளம்பரங்களை அதிகம் பார்க்கும் பிள்ளைகள் குடியைத் தொடங்கும் வாய்ப்பும், ஏற்கெனவே குடிப்பவர்கள் இன்னும் அதிகமாகக் குடிக்கும் வாய்ப்பும் கூடுகின்றன என்றே முடிவு வந்தது.

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. கேபிள் டிவி விதிகள் மது விளம்பரத்தை நேரடியாகவும் மறைமுகமாகவும் தடை செய்கின்றன. வேறு பொருளின் பெயரில் ஒளிந்து வரும் விளம்பரம் கூடாது என்று 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறை உங்கள் தலைவருக்கே கடிதம் எழுதியது: புகையிலை, மது விளம்பரங்கள் மறைமுகமாகக்கூட வேண்டாம் என்று. ஒரு அணியின் பெயரே விஸ்கி பிராண்டிலிருந்து வந்த போட்டித் தொடருக்கு இதை யாராவது எழுதித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் பக்கம் விளையாட்டு வீரர் சொன்னால் அதற்குத் தனி மரியாதை. கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துத்தான் பலர் மேலே வந்திருக்கிறார்கள். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியபோது, கேரம் போர்டு கேட்டு அடம்பிடிக்காத பிள்ளை என் வகுப்பில் இல்லை. நான் வருஷம் முழுக்கச் சொல்வதை ஒரு வீரர் முப்பது விநாடியில் சாதித்துவிடுவார். மது கம்பெனிகள் அவர்களைத் தேடி வருவதும் அதனால்தான்.

காசு வராதே என்பீர்கள். பிரான்சில் 1991-ல் கொண்டுவந்த சட்டப்படி மது கம்பெனிகள் விளையாட்டுக்கு ஸ்பான்சர் செய்ய முடியாது. 1998 கால்பந்து உலகக் கோப்பையை அந்தச் சட்டத்தோடுதான் நடத்தினார்கள். அரங்கமும் காலியாக இல்லை.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த சீசனுக்கான ஸ்பான்சர், ஒளிபரப்பு ஒப்பந்தங்களில் மது பிராண்டின் பெயர் தாங்கிய எந்தப் பொருளுக்கும் இடமில்லை என்று எழுதுங்கள். வீரர்களின் ஜெர்சிக்கும் அது பொருந்தட்டும். சுகாதாரத் துறைக்கு நீங்கள் பதில் எழுதியிருந்தால் அதையும் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடி டியூஷன் வாத்தியார்